சப்டைட்டிலை அணைத்துவிட்டுப் பாருங்கள்

அனிமே பார்த்தே ஜப்பானிய மொழியைக் கற்றுவிட முடியுமா என்று கேட்பவர்களிடம், காதுக்குப் போதும், வாய்க்குப் போதாது என்றுதான் சொல்வேன். இலக்கணத்தை வகுப்பிலோ புத்தகத்திலோ தனியாகப் படித்தே ஆகவேண்டும். ஆனால் தமிழ் பேசுகிறவர்களுக்கு இந்த வழியில் ஒரு பெரிய சலுகை உண்டு. ஆங்கில சப்டைட்டிலைப் படித்துக்கொண்டே பார்ப்பதால் அதைக் கோட்டை விடுகிறோம்.

அனிமேயில் வீட்டைவிட்டுக் கிளம்புகிற பிள்ளை வாசலில் நின்று "இத்தெ கிமஸ்" என்று குரல் கொடுக்கும். சப்டைட்டிலில் 'கிளம்புறேன்' என்கிற மாதிரி ஏதோ ஓடும். உண்மையில் அது சொல்லுக்குச் சொல் நம்முடைய 'போய்ட்டு வரேன்'. 'இத்தெ' என்ற இந்த வினையெச்ச வடிவம் பிடிபட்ட பிறகு எனக்கு வசனங்கள் தாமாகப் பிரிந்து கேட்க ஆரம்பித்தன. 'தபெத்தெ' என்றால் சாப்பிட்டு. 'தபெத்தெ மிரு' சாப்பிட்டுப் பார்ப்பது. மிரு என்ற சொல்லுக்கே பார்ப்பது என்றுதான் பொருள். 'கத்தெ ஒக்கு' வாங்கி வைப்பது. 'தபெத்தெ ஷிமாத்தா' என்றால் சாப்பிட்டாயிற்று, 'அடடா, தின்னுட்டானே' என்ற தொனியும் சேர்த்து. வினை கடைசியில் வருவது, உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவது எல்லாம் நமக்குப் பழகிய பாதை. சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் இரு மொழிகளுக்கும் உறவே உண்டென்று வாதிட்டார்; மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. உறவு இருக்கட்டும், இல்லாமல் போகட்டும், படிக்கிறவருக்கு லாபம் லாபம்தான்.

நான் செய்வது இதுதான். ஒரு எபிசோடை முதலில் சப்டைட்டிலோடு பார்த்துக் கதையைத் தெரிந்துகொள்வேன். மறுபடி பார்க்கும்போது அதை அணைத்துவிடுவேன். தெளிவாகக் காதில் விழும் சின்ன வசனத்தில் நிறுத்தி, அதே ஏற்ற இறக்கத்தோடு சொல்லிப் பார்த்து, உடனே பேச்சுத் தமிழில் மாற்றுவேன். நடுவில் ஆங்கிலத்துக்கு வேலையே இல்லை.

எதைப் பார்ப்பது என்பது முக்கியம். வாள் வீச்சும் பேயோட்டமும் பிறகு ஆகட்டும். 'ஷிரோகுமா கஃபே' (2012) தொடரில் ஒரு பனிக்கரடி நடத்தும் கஃபேயில் பாண்டாவும் பென்குயினும் உட்கார்ந்து அரட்டை அடிக்கும். பேச்சு நிதானம், பேசுவதெல்லாம் அன்றாட விஷயம். 1969 முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒளிபரப்பாகிவரும் 'சஸாயே-சான்' கூட்டுக் குடும்பக் கதை. உறவுமுறைச் சொற்களுக்கு அதைவிட நல்ல பாடம் இல்லை. நமக்குத் தெரிந்த ஷின்-சானும் உதவுவான். வீடு திரும்புகிறவர் 'ததைமா' என்று சொல்ல, உள்ளே இருப்பவர் 'ஒகாயெரி' என்று வரவேற்பது வழக்கம். இந்தப் பயல் வெளியிலிருந்து வரும்போதே 'ஒகாயெரி' என்பான், அம்மா திருத்துவாள். யாரும் விளக்காமலே அதற்குச் சிரிப்பு வந்தால் காது தேறிவிட்டது என்று அர்த்தம்.

வாய் விஷயத்துக்கு வருகிறேன். அனிமே பாத்திரங்கள் பேசுகிற மாதிரி ஜப்பானில் யாரும் பேசுவதில்லை என்று சொல்லலாம். கிழட்டு விஞ்ஞானி தன்னை 'வாஷி' என்பார், 'டிராகன் பால்' நாயகன் கோக்கு கிராமத்தான் பாணியில் 'ஒரா' என்பான், வில்லன் எதிராளியை 'கிசமா' என்பான். குணத்தையும் வயதையும் ஒரே நொடியில் காட்டுவதற்காகப் புனைகதை கட்டிவைத்திருக்கும் இந்தப் பேச்சுக்கு 'யாகுவாரிகோ' என்று பெயர். சதோஷி கின்சுய் என்ற மொழியியலாளர் 2003இல் இதைப் பற்றித் தனி நூலே எழுதினார். மகோதோ ஷின்காயின் 'கிமி நோ நா வா' (2016) படத்தில், பையனின் உடலுக்குள் புகுந்துவிட்ட பெண் பள்ளி மாடியில் நண்பர்களிடம் 'நான்' என்று சொல்லத் தவிப்பாள். வதாஷி, வதாகுஷி, போகு என்று ஒவ்வொன்றாகச் சொல்ல, அவர்கள் விழிப்பார்கள்; 'ஒரே' என்றதும்தான் தலையாட்டுவார்கள். தமிழின் ஒற்றை 'நானை' வைத்துக்கொண்டு இந்தக் காட்சியை எப்படி மொழிபெயர்ப்பது? பேசும்போது 'வதாஷி' போதும். எதிரில் இருப்பவரை 'ஒமாயே' என்றோ 'அனாதா' என்றோ அழைக்காமல், பெயரோடு 'சான்' சேர்த்துக் கூப்பிடுங்கள். வினைக்கு 'மஸ்' விகுதி. அலுவலகத்திலும் கடையிலும் இது பழுதில்லாமல் ஓடும்.

ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் பேச்சுப் பகுதியே கிடையாது. அதனால் சான்றிதழ் வாங்கியவர்களும் வாய் திறக்கத் திணறுவதுண்டு. பேசிப் பழக ஆள் தேடுங்கள். சென்னையில் ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் என்ற அமைப்பு வகுப்புகள் நடத்துகிறது. வீட்டிலிருந்தே படிக்க, ஜப்பான் ஃபவுண்டேஷனின் 'இரோதோரி' பாடநூல்கள் இணையத்தில் இலவசம்.

கடைசியாக, எழுத்து. குறில், நெடில், ஒற்று நமக்குக் கைவந்தவை என்பதால் ஒபசன் (அத்தை), ஒபாசன் (பாட்டி) வித்தியாசம் தமிழ்க் காதுக்கு உடனே கேட்டுவிடும். வல்லின ஓசைகளில்தான் வம்பு. பல்கலைக்கழகத்துக்கும், படிப்பைப் பாதியில் விடுவதற்கும் ஜப்பானியத்தில் உள்ள சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டுமே 'தைகாகு' தான். முதல் ஓசை குரல் அதிர்வோடு ஒலிக்கிறதா இல்லையா என்பதில்தான் வேறுபாடு. இந்தக் கட்டுரையில் நான் எழுதியிருக்கும் ஜப்பானியச் சொற்களையும் இதே சந்தேகத்தோடு படியுங்கள். இதற்கு மருந்து ஜப்பானிய எழுத்தே: ஹிராகனா வரிவடிவத்தின் அடிப்படை எழுத்துகள் 46தான். அடுத்த தொடரைத் தொடங்கும் முன் அவற்றைக் கற்று முடித்துவிடுங்கள்.