பாட்டிலுக்குள் குட்டிப் பாம்பா? வேண்டவே வேண்டாம்!

மழை ஆரம்பித்துவிட்டால் போதும். பாத்ரூம் மூலை, மாடிப்படி அடி, செருப்பு வைக்கும் இடம் என்று எங்காவது விரல் பருமனில் ஒரு குட்டிப் பாம்பு தலைகாட்டும். பெரியவர்கள் விளக்குமாற்றைத் தேடுவார்கள். வீட்டுப் பையனோ, "அடிக்காதீங்கப்பா! இது விஷமில்லாத பாம்பு. பாட்டில்ல போட்டு வளர்க்கலாம்" என்பான்.

அடிக்கவும் வேண்டாம், வளர்க்கவும் வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

வீட்டுக்குள் அதிகம் தென்படும் குட்டிகளில் மூன்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

புழுப்பாம்பு: ஒரு சாண் நீளம்தான். பார்த்தால் மண்புழு மாதிரியே இருக்கும். ஆனால் உடம்பில் வளையம் இருக்காது, பளபளப்பான செதில் இருக்கும். கண் வெறும் புள்ளி. எறும்பு, கரையான்களின் முட்டைகளைத் தின்று பிழைக்கும் சாது. இந்த இனத்தில் ஆணே கிடையாது என்பது ஆச்சரியமான விஷயம். பெண்கள் தாமாகவே இனம் பெருக்குகின்றன.

வெள்ளிக்கோல் வரையன்: பழுப்பு உடம்பில் வெள்ளைப் பட்டைகள். சுவர் ஏறி பல்லி பிடிக்கும். விஷமில்லாதது.

கட்டுவிரியன்: பளபளக்கும் கறுப்பில் மெல்லிய வெள்ளைக் கோடுகள். கொடிய விஷம். முட்டையிலிருந்து வெளிவந்த குட்டிக்கும் விஷம் உண்டு.

பின்னால் சொன்ன இரண்டில்தான் குழப்பமே. வரையனுக்குப் பட்டைகள் கழுத்திலேயே தொடங்கி, வால் பக்கம் போகப் போக மங்கும். கட்டுவிரியனுக்குப் பெரும்பாலும் தலையை விட்டுச் சற்றுத் தள்ளித் தொடங்கும். இரண்டிரண்டு கோடுகளாக, வால் வரை தெளிவாக இருக்கும். முதுகின் நடுவரிசைச் செதில்கள் பெரிதாக, அறுகோண வடிவில் இருக்கும்.

படிக்கும்போது சுலபமாக இருக்கிறது, இல்லையா? ஆனால் கட்டுவிரியன் குட்டிக்குக் கோடுகள் தலைக்குப் பக்கத்திலேயே தொடங்குவதும் உண்டு. பட்டையே இல்லாத வரையனும் உண்டு. செதிலைப் பார்க்க வேண்டுமானால் முகத்தை அருகில் கொண்டுபோக வேண்டும். மங்கலான விளக்கில் அந்தப் பரீட்சை எதற்கு? பட்டை போட்ட குட்டி என்றால் கட்டுவிரியன் என்றே வைத்துக்கொண்டு விலகி நில்லுங்கள். செத்த பாம்பையும் தொடாதீர்கள். செத்த பிறகும் சிறிது நேரம் அதன் தலை கடிக்கக்கூடும்.

'விஷமில்லாதது என்று நிச்சயமாகத் தெரிந்தால் வளர்க்கலாமா?' என்பீர்கள். அப்போதும் கூடாது. காட்டு ஜீவன் பாட்டிலுக்குள் இரை எடுக்காமல் வாடிச் சாகும். மேலும், 1972-ம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பாம்புகளுக்கும் பாதுகாப்பு தருகிறது. பிடித்து வைத்தால் வீண் வம்பு. அறைக் கதவைச் சாத்தி, கீழ் இடுக்கைத் துணியால் அடைத்துவிட்டு, தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ போன் செய்யுங்கள்.

இனி முக்கியமான விஷயம். கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தரையில் படுத்துத் தூங்குபவர்களைக் கடிக்கிறது. வலி இருக்காது, வீக்கம் இருக்காது, பல் தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் குழந்தை "வயித்த வலிக்குதும்மா" என்று எழுந்திருக்கும். அஜீரணம் என்று நினைத்து அம்மா ஓமத் தண்ணீர் கொடுப்பாள். அந்த நேரத்தில் விஷம் நரம்புகளை முடக்கிக்கொண்டிருக்கும்.

ஆகவே, தரையில் படுத்த குழந்தை வயிற்றுவலி, வாந்தியோடு எழுந்தால் கண் இமையைக் கவனியுங்கள். இமை தொங்குகிறதா, எச்சில் விழுங்கச் சிரமப்படுகிறதா, பேச்சு குழறுகிறதா? கடிவாய் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். உடனே 108-க்கு போன் செய்யுங்கள். அடுத்து மூச்சு நின்றுபோகும் ஆபத்து இருக்கிறது.

கடித்தது தெரிந்தால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல், நடக்க விடாமல், பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லுங்கள். 'எட்டடி விரியன்' என்று இதற்கு ஒரு பேர் உண்டு. எட்டடி நடப்பதற்குள் ஒன்றும் ஆகிவிடாது. அறிகுறி தெரியவே சில மணி நேரம் ஆகலாம். அந்த நேரம்தான் உங்கள் கையில் உள்ள ஒரே வாய்ப்பு.

"சிறியாநங்கை இலையைக் கொடுத்துப் பார்க்கலாமா வைத்தியரே?" என்று கேட்பவர்கள் உண்டு. கஷாயமும் சூரணமும் கொடுப்பதே என் தொழில். அந்த நானே சொல்கிறேன்: பாம்புக் கடிக்கு விஷமுறிவு ஊசிதான் மருந்து. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்து ஒரே மருந்து இருக்கிறது. அதற்கான விஷத்தைச் செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில், 1978-ல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் பாம்புகளிலிருந்து எடுத்துத் தருகிறார்கள்.

இன்று ராத்திரியே செய்யக்கூடியது ஒன்று உண்டு. குழந்தைகளைக் கட்டிலில் படுக்க வையுங்கள். கட்டில் இல்லையா? கொசுவலையைக் கட்டி, அதன் ஓரத்தைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகுங்கள். கொசுவும் வராது, கட்டுவிரியனும் வராது.