நன்றியுள்ள நெஞ்சும் உதவும் கரமும்

காலையில் கண் விழித்ததும், "இன்றும் பள்ளிக்குப் போக வேண்டுமா?" என்ற எண்ணம் எழாத மாணவி நம்முள் எவளேனும் உண்டோ? பத்தாம் வகுப்புக்கு வந்தபின் அவ்வெண்ணம் இன்னும் உரக்கவே ஒலிக்கிறது. விடியுமுன் எழுப்பும் அன்னை, ஏழு மணிக்கு டியூஷன், பள்ளி விட்டதும் சிறப்பு வகுப்பு, இரவில் மாதிரி வினாத்தாள் என்று நாள்கள் ஓடுகின்றன. "ஊக்கமாகப் படி, ஊக்கமாகப் படி" என்று எல்லாரும் அறிவுரை கூறுகின்றனர். அந்த ஊக்கம் எந்தக் கடையில் கிடைக்கும் என்பதைத்தான் எவரும் சொல்லித் தருவதில்லை!

முதலில் மனத்தில் ஊக்கம் பிறக்க வேண்டும், அதன் பிறகே கை வேலை செய்யும் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஆதலால் "மூடு வரட்டும்" என்று காத்திருக்கிறோம். மூடும் வருவதில்லை, பாடமும் முடிவதில்லை. வள்ளுவப் பெருந்தகை செய்ந்நன்றி அறிதலுக்கு ஓர் அதிகாரமும், ஒப்புரவு அறிதலுக்கு ஓர் அதிகாரமும், ஊக்கமுடைமைக்கு வேறோர் அதிகாரமும் வகுத்துள்ளார். தேர்வுக்காக அவற்றைத் தனித்தனியே மனப்பாடம் செய்கிறோம். ஆனால் வாழ்க்கையில் இம்மூன்றும் ஒன்றன் கையை ஒன்று பிடித்துக்கொண்டே நடக்கின்றன என்று எங்களுக்குத் தோன்றுகிறது. பெற்றதை எண்ணிப் பார்க்கும் நெஞ்சு சும்மா இருப்பதில்லை, பிறருக்கு ஏதேனும் செய்யத் துடிக்கிறது. செய்யத் தொடங்கிய பிறகு, தேடியும் கிடைக்காத ஊக்கம் தானே வந்து சேர்கிறது.

இது வெறும் மேடைப் பேச்சு அன்று. அமெரிக்க நாட்டு உளவியல் அறிஞர்களான இராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மக்கல்லோ ஆகிய இருவரும் 2003ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கல்லூரி மாணவர்களை மூன்று குழுக்களாகப் பிரித்துப் பத்து வாரங்கள் எழுதச் செய்தனர். முதற்குழு அந்த வாரத்தில் தாங்கள் நன்றி பாராட்டக்கூடியவற்றை எழுதியது. இரண்டாம் குழு தங்களுக்கு நேர்ந்த தொல்லைகளை எழுதியது. மூன்றாம் குழு நடந்தவற்றைப் பொதுவாக எழுதியது. நன்றியை எழுதியவர்கள் தங்கள் வாழ்வைப் பற்றி அதிக மனநிறைவு கொண்டிருந்தனர். உடல் உபாதைகளைக் குறைவாகவே கூறினர். உடற்பயிற்சிகூடத் தொல்லைகளை எழுதியவர்களைவிட அதிகமாகச் செய்திருந்தனர். நாள்தோறும் எழுதச் சொன்ன மற்றொரு சோதனையில், நன்றியை எழுதியவர்கள் பிறருடைய துன்பத்தில் துணை நின்றதாக அதிகமாகத் தெரிவித்தனர். பிறருக்கு உதவுங்கள் என்று எவரும் அவர்களைக் கேட்டுக்கொள்ளவில்லை என்பதைத் தோழியர் கவனிக்க வேண்டும்.

ஆனால் நம் வீடுகளில் நன்றி கூறுவது அத்தனை எளிதன்று. தோழிக்கு 'தேங்க்ஸ்' என்று நூறு முறை சொல்லும் நாம், பெற்ற அன்னையிடம் "நன்றி அம்மா" என்று ஒரு முறை சொல்லிப் பார்ப்போமே! "என்னடி, காசு ஏதாவது வேணுமா?" என்றுதான் பதில் வரும். அதில் தவறில்லை. நம்மவரிடம் நன்றி வாய்ச்சொல்லாக வருவதைவிடச் செயலாக வருவதே வழக்கம். "நீங்க சாப்பிட்டீங்களா அம்மா?" என்று கேட்பதும், கேட்டதோடு நில்லாமல் ஒரு தட்டை எடுத்து வைப்பதும் நம் ஊர் நன்றி.

நன்றி பாராட்டத் தக்கவை எவை என்று கேட்டால் பெற்றோர், ஆசிரியர், உணவு, உடை என்று வரிசையாகச் சொல்லிவிடுவோம். வலிக்கு நன்றி சொல்வோமா? நம் கொல்லிமலையில் 1914ஆம் ஆண்டு பிறந்த ஆங்கில மருத்துவர் பால் பிராண்டு அவ்வாறு சொன்னார். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளரிடையே பணியாற்றிய அவர், அந்நோயாளரின் விரல்கள் ஏன் குறைந்துபோகின்றன என்று ஆராய்ந்தார். நோயே சதையைத் தின்றுவிடுகிறது என்று அக்காலத்தில் மக்கள் நம்பினர். உண்மை வேறு. நோய் நரம்பைத் தாக்கி உணர்ச்சியைப் போக்கிவிடுகிறது. சுடுபாத்திரத்தைத் தொட்டால் நம் கை தானே விலகும். அவர்கள் கை விலகுவதில்லை. காலில் ஆணி தைத்தாலும் தெரியாமல் நடந்துகொண்டே இருப்பர். புண் மேல் புண் பட்டுத்தான் விரல்கள் அழிகின்றன. தலைவலி என்று முனகும்போதெல்லாம், வலியை உணர முடிகிறதே என்று எண்ணிப் பார்க்கச் சொல்கிறது அவருடைய ஆய்வு. (இன்று கூட்டு மருந்துகளால் தொழுநோயை முற்றிலும் குணப்படுத்த முடிகிறது. தொடக்கத்திலேயே கண்டறிந்தால் ஊனமும் நேராது.)

அந்த வேலூரில்தான் மேரி வர்கீஸ் அம்மையார் வாழ்ந்தார். 1925ஆம் ஆண்டு கேரளத்தில் பிறந்து, வேலூரில் மருத்துவம் பயின்றவர் அவர். 1954ஆம் ஆண்டில், முப்பது வயது நிரம்பும் முன்னரே, தோழர்களோடு சென்ற வண்டி விபத்துக்குள்ளாகி அவருடைய முதுகுத்தண்டு முறிந்தது. இரு கால்களும் செயலிழந்தன. மருத்துவம் பயின்ற இளம்பெண் படுக்கையில் கிடந்தார். அவரிடம் போய் "ஊக்கமாக இரு" என்று எவரேனும் சொல்லியிருந்தால் அது எத்தனை வெறுமையாக ஒலித்திருக்கும்!

பால் பிராண்டு அவருக்கு அறிவுரை கூறுவதோடு நிற்கவில்லை, ஒரு வேலையைக் காட்டினார். தொழுநோயால் நரம்பு கெடும்போது கையின் சிறு தசைகள் செயலிழந்து, விரல்கள் பறவையின் நகம்போல மடங்கிவிடும். தட்டிலிருந்து சோற்றை எடுத்து உண்ணவும் இயலாது. நன்றாக இயங்கும் தசை ஒன்றின் நாணை எடுத்து வேறு வழியாகக் கொண்டுபோய் விரலில் இணைத்தால், செயலிழந்த தசையின் வேலையை அது செய்யும். இவ்வகைக் கை அறுவையை மருத்துவர் அமர்ந்தபடியே செய்யலாம். கால்கள் இயங்காவிட்டாலும் மேரி அம்மையாருக்கு இரு கைகள் இருந்தன அன்றோ! சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அவர் பிறர் கைகளைச் சீராக்கத் தொடங்கினார். சக்கர நாற்காலியில் வந்து தம் கையைப் பற்றிய மருத்துவரைக் கண்டு அந்த நோயாளர் உள்ளத்தில் என்னென்ன தோன்றியிருக்கும் என்று வகுப்பில் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

அவர் அதோடு அமைதி கொள்ளவில்லை. நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்றார். உடல் செயலிழந்தோர் தாமே எழுந்து அமரவும், உடுத்தவும், உண்ணவும், தொழில் செய்யவும் பயிற்சி தரும் துறை அது. 1963ஆம் ஆண்டில் வேலூரில் அத்துறைக்குத் தலைமை ஏற்றார். 1966ஆம் ஆண்டில் பாகாயத்தில் அதற்கெனத் தனி நிலையம் உருவாயிற்று. 1972ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1986ஆம் ஆண்டு அவர் மறைந்தார். பிறர் உதவியைப் பெற்றுக்கொண்டே பிறருக்கும் உதவிய ஒருவரைவிடச் சிறந்த பாடம் இந்தப் பொருளுக்கு எங்களுக்குக் கிடைக்கவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெற்றோர் எங்களைத் தவறாக எண்ண வேண்டா. 'நன்றி' என்ற சொல்லைக் கொண்டே பெண் பிள்ளைகளின் வாயை அடைப்பதும் உண்டு. "பத்தாவது வரைக்கும் படிக்க வெச்சோமே, அந்த நன்றி வேண்டாமா? போதும், வீட்டோடு இரு" என்ற பேச்சை எங்கள் வகுப்பிலேயே சிலர் கேட்டிருக்கின்றனர். படிக்க வைத்ததற்கு நாங்கள் உள்ளபடியே நன்றி உடையவர்கள். அதனாலேதான் மேலும் படிக்க விரும்புகிறோம். நாற்காலி கிடைத்ததே என்று மேரி அம்மையார் அதிலேயே அடங்கிவிட்டிருந்தால் எத்தனை பேருடைய கைகள் மடங்கியே இருந்திருக்கும்! நன்றி என்பது நடப்பவளின் காலுக்கு வலிமையே அன்றி, அவள் காலைக் கட்டும் கயிறு அன்று.

மருத்துவர் ஆனால்தான் பிறருக்கு உதவ முடியுமா? சென்ற ஆண்டு எங்கள் தோழி ஒருத்தி வழுக்கி விழுந்து, ஆறு வாரம் காலில் மாவுக்கட்டோடு வீட்டில் இருந்தாள். பாடங்களைக் கைபேசியில் படம் எடுத்து அனுப்பலாமே என்று சிலர் கூறினர். அவள் வீட்டில் இருப்பது ஒரே கைபேசி. அதையும் அவளுடைய அப்பா வேலைக்குக் கொண்டுபோய்விடுவார். ஆதலால் நாங்கள் நால்வர் முறை வைத்துக்கொண்டு மாலையில் சென்று பாடம் சொன்னோம். (அவளுடைய பாட்டி தரும் வெல்ல அவலும் எங்களை இழுத்தது என்பதை மறைப்பானேன்?) எங்களுள் ஒருத்திக்கு வடிவியல் என்றாலே வேம்பு. ஆனால் மறுநாள் தோழிக்குச் சொல்லித் தர வேண்டுமே என்பதற்காக, வகுப்பில் ஒருபோதும் கை தூக்காதவள் எழுந்து ஐயம் கேட்டாள். ஆசிரியையே வியந்துபோனார். ஒரு நாள் அடைமழை. வீட்டுக்கே போய்விடலாம் என்றுதான் எல்லாருக்கும் தோன்றியது. அவள் சன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று ஒருத்தி சொன்னாள். குடையை விரித்துக்கொண்டு நடந்தோம். நமக்காக மட்டும் எழுந்திருக்க மறுக்கும் உடல், நம்மை எதிர்பார்த்து ஒருத்தி இருக்கிறாள் என்றால் எப்படியோ எழுந்துவிடுகிறது. அரையாண்டுத் தேர்வை அவள் முன்வரிசையில் காலை நீட்டியபடியே எழுதினாள்.

அந்தப் பழக்கம் அப்படியே நின்றுவிடாதிருக்க, இவ்வாண்டு வகுப்புக்கென ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை கடைசி மணியில் அது சுற்றி வரும். இடப்பக்கத்தில் அந்த வாரம் நமக்கு உதவியவர் ஒருவரை எழுத வேண்டும். வலப்பக்கத்தில் அடுத்த வாரம் நாம் யாருக்கு என்ன செய்யப்போகிறோம் என்று எழுத வேண்டும். "அம்மாவுக்கு நன்றி" என்று பொதுவாக எழுதினால் எங்கள் வகுப்புத் தலைவி ஏற்கமாட்டாள். "புதன்கிழமை காய்ச்சலோடும் அம்மா என் சீருடையைத் தேய்த்துத் தந்தார்" என்று எழுத வேண்டும். இப்படி எழுதப் புகுந்த பிறகுதான், நாம் ஓடி வருவதைக் கண்டு அரை நிமிடம் பேருந்தை நிறுத்தும் நடத்துநரும், நாம் வருமுன்னரே கழிவறையைக் கழுவி வைக்கும் அக்காவும் நம் கண்ணில் பட்டார்கள். அவர்களுக்கு என்ன செய்வது என்பதே இப்போது பெரிய கேள்வி. நடத்துநருக்குச் சில்லறையைச் சரியாகக் கொடுப்பது என்று முடிவாயிற்று. வேறொன்றும் தோன்றவில்லை.

கழிவறை அக்காவின் மகள் பக்கத்துப் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். கணக்கில் பின்னமும் தசமமும் அவளுக்குச் சிரமமாம். சிஸ்டர் அனுமதி தந்துவிட்டார். வரும் சனிக்கிழமை பத்து மணிக்கு நூலகத் திண்ணையில் தொடங்குகிறோம். வடிவியல் வேம்பாக இருந்தவளே முதல் வகுப்பு எடுக்கிறாள்.