நோயாளிக்கும் டாக்டருக்கும் இடையே: அமெரிக்க மருத்துவமனைகளில் ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பு

நோயாளி தன் உடல்நிலையை எடுத்துரைப்பதிலிருந்தே மருத்துவம் தொடங்குகிறது. வலி எங்கே உள்ளது, எப்போது தொடங்கியது, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பனவற்றை அவரோ அவருடைய குடும்பத்தாரோதான் கூறவேண்டும். டாக்டரும் நோயாளியும் வெவ்வேறு மொழி பேசுவோராயின் இந்த முதற்படியிலேயே தடை ஏற்பட்டுவிடுகிறது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வீட்டில் ஸ்பானிஷ் பேசுவோரின் தொகை 4 கோடிக்கும் அதிகம். இவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேற்பட்டோர் ஆங்கிலத்தில் போதிய தேர்ச்சி இல்லாதவர்கள். இவர்களுக்கு மருத்துவ வசதி கிடைக்க அந்நாடு செய்துள்ள ஏற்பாடுகள், பல மொழிகள் வழங்கும் நம் நாட்டினர் கருதிப் பார்க்கத்தக்கவை.

ஒரு சொல் விளைத்த கேடு

1980ஆம் ஆண்டில் புளோரிடா மாநிலத்தில், கியூபாவைப் பூர்வீகமாகக் கொண்ட 18 வயது இளைஞர் ஒருவர் நினைவிழந்த நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார். அவருக்கு நேர்ந்ததைக் குடும்பத்தார் 'இன்டாக்ஸிகாடோ' என்ற சொல்லால் குறித்தனர். உண்டதோ குடித்ததோ ஒத்துக்கொள்ளாமல் உடல் கெட்டது என்பதே கியூப வழக்கில் இதன் பொருள். இதையொத்த ஒலியுடைய ஆங்கிலச் சொல்லோ போதையேறிய நிலையைக் குறிக்கும். எனவே, போதை மருந்தை அளவுமீறி உட்கொண்டவர் என்று கருதியே சிகிச்சை அளிக்கப்பட்டது. மூளையில் ஏற்பட்டிருந்த இரத்தக் கசிவு காலம் கடந்தே கண்டறியப்பட்டது. இளைஞரின் கைகால்கள் நான்கும் செயலிழந்தன. வாழ்நாள் முழுவதற்குமாகச் சுமார் 7.1 கோடி டாலர் இழப்பீட்டுக்கு வழிசெய்யும் உடன்பாட்டுடன் வழக்கு முடிவுற்றது.

இரு தரப்பினரும் ஒருவரையொருவர் புரிந்துகொண்டதாகவே எண்ணினர். ஆதலால் மொழிபெயர்ப்பாளரை எவரும் அழைக்கவில்லை. புரியாத சொல்லைவிடப் புரிந்ததாகத் தோன்றும் சொல் அதிக ஆபத்தானது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

சட்டத்தின் பாதுகாப்பு

மத்திய அரசின் நிதியுதவி பெறும் எந்தத் திட்டத்திலும் இனம், நிறம், பூர்வீக நாடு ஆகியவற்றின் அடிப்படையில் பாகுபாடு காட்டலாகாது என 1964ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் விதித்தது. ஆங்கிலம் அறியாத சீன மாணவர்களுக்கு மொழியுதவி அளிக்காதது இத்தகைய பாகுபாடே என்று 1974ஆம் ஆண்டில் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பள்ளிக்கூடம் பற்றிய இத்தீர்ப்பின் கொள்கை பின்னர் மருத்துவத் துறைக்கும் வழிகாட்டியது.

2000ஆம் ஆண்டில் ஜனாதிபதி கிளிண்டன் பிறப்பித்த நிர்வாக ஆணை, அரசுத் துறைகள் மொழியுதவித் திட்டங்களை வகுக்கவேண்டும் எனப் பணித்தது. 2010ஆம் ஆண்டின் மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தச் சட்டத்தின் 1557ஆம் பிரிவு, பாகுபாட்டைத் தடுக்கும் விதியை மருத்துவத் துறைக்கென வலியுறுத்தியது. தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளரைக் கட்டணமின்றி அளிக்கவேண்டும் என்றும், அவசர நிலையில் வேறு வழியில்லாதபோதன்றிக் குழந்தைகளை மொழிபெயர்க்கச் சொல்லக்கூடாது என்றும் இதன்கீழ் விதிகள் வகுக்கப்பட்டன.

2025ஆம் ஆண்டு மார்ச்சில் ஆங்கிலம் ஆட்சிமொழியாக அறிவிக்கப்பட்டபோது, 2000ஆம் ஆண்டின் ஆணை ரத்து செய்யப்பட்டது. ஆணைகளை ஜனாதிபதி மாற்றலாம். சட்டங்களை நாடாளுமன்றமே மாற்ற இயலும். ஆகவே மேற்கூறிய இரு சட்டங்களையும் அந்த ரத்து நீக்கிவிடவில்லை.

இரு மொழி அறிந்தால் மட்டும் போதுமா?

இரு மொழிகளும் பேசத் தெரிந்த உறவினரோ ஊழியரோ மொழிபெயர்த்தால் போதாதா என்ற கேள்வி எழலாம். 2003ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு இதற்கு விடையளிக்கிறது. ஸ்பானிஷ் பேசும் தாய்மார்கள் தம் குழந்தைகளுடன் டாக்டரைக் கண்ட 13 சந்திப்புகள் ஒலிப்பதிவு செய்யப்பட்டு ஆராயப்பட்டன. சந்திப்பு ஒன்றுக்குச் சராசரியாக 31 பிழைகள் காணப்பட்டன. கூறியதை விட்டுவிடுதலே மிகுதியாக நேர்ந்த பிழை. மருந்து ஒவ்வாமை பற்றிய கேள்விகள்கூட விடுபட்டன. வாய்வழி கொடுக்கவேண்டிய மருந்தைக் காதுகளில் விடுமாறு ஒரு தாய்க்குக் கூறப்பட்டது.

அந்தந்த நேரத்துக்குக் கிடைத்தவர்கள் செய்த பிழைகளில் 77 சதவீதம் சிகிச்சையைப் பாதிக்கக்கூடியவை. மருத்துவமனை மொழிபெயர்ப்பாளர்களின் பிழைகளிலோ இது 53 சதவீதம். பதவி அளித்தால் மட்டும் போதாது, பயிற்சியும் தேவை என்பது இதனால் தெளிவாகிறது.

இத்தொழிலுக்கான தேசிய நெறிமுறை 2004ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. பின்னர் தேர்வு நடத்திச் சான்றிதழ் வழங்கும் அமைப்புகளும் தோன்றின. குறைந்தது 40 மணி நேரப் பயிற்சி பெற்றோரே தேர்வுக்குத் தகுதியுடையவர். எதையும் கூட்டாமலும் குறைக்காமலும் கூறுதல், இரகசியம் காத்தல், "எனக்கு வலிக்கிறது" என நோயாளி சொன்னதைத் தன்மையிலேயே பெயர்த்தல், ஐயம் எழுந்தால் பேச்சை நிறுத்தி விளக்கம் கேட்டல் ஆகியவை அடிப்படை விதிகள்.

அகராதி உதவாத சொற்களும் உண்டு. 'எம்பாச்சோ' என்பது உணவு வயிற்றில் தங்கிவிட்டதாக மெக்சிகோ மக்கள் கருதும் நோய். இதை அஜீரணம் என்று மட்டும் பெயர்த்தால் டாக்டர் மேலும் வினவமாட்டார். ஆனால் இந்நோய்க்குச் சில குடும்பங்கள் கொடுத்துவந்த 'கிரேட்டா', 'அசார்க்கோன்' என்னும் பொடிகள் ஈயம் மிகுந்தவை. இவற்றால் குழந்தைகளுக்கு ஈய நஞ்சேறியது 1980களின் தொடக்கத்தில் கண்டறியப்பட்டது. வழக்கின் பின்னணியை டாக்டருக்கு எடுத்துரைப்பதும் மொழிபெயர்ப்பாளரின் கடமையாகிறது.

குறைகளும் படிப்பினையும்

தொலைபேசி, வீடியோ வாயிலான சேவை சிறிய மருத்துவமனைகளுக்கும் எட்டியுள்ளது. எனினும் செலவை ஏற்பது யார் என்பது தீராத பிரச்சினை. ஏழைகளுக்கான மெடிக்கெய்டு திட்டத்தில் இச்செலவைச் சேர்ப்பது மாநிலங்களின் விருப்பத்துக்கு விடப்பட்டுள்ளது. மேலும், மெக்சிகோ, குவாதமாலா நாடுகளிலிருந்து வரும் மிஸ்டெக், மாம் போன்ற பழங்குடி மொழியினருக்கு ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளரை அனுப்பிவிட்டுக் கடமை முடிந்ததாகக் கருதும் நிலையும் உண்டு.

நம் அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் 22 மொழிகள் இடம்பெற்றுள்ளன. வேலை தேடி மாநிலம் விட்டு மாநிலம் செல்வோர் ஏராளம். நோயாளிக்குப் புரியும் மொழியில் தகவல் அளிக்கப்படவேண்டும் என்ற கொள்கையை 2017ஆம் ஆண்டின் மனநல மருத்துவச் சட்டம் ஏற்றுள்ளது. நோயாளியின் மொழியைப் பதிவுச் சீட்டிலேயே குறித்தல், இரு மொழி அறிந்த ஊழியர்களுக்கு முறையான பயிற்சி அளித்தல், அப்பணிக்கென நிதி ஒதுக்குதல் ஆகிய மூன்றும் உடனே மேற்கொள்ளக்கூடியவை. மருந்தைப் போலவே மொழியும் சிகிச்சையின் ஓர் அங்கம் என்று நிர்வாகத்தினர் உணர்தல் வேண்டும்.