விழுந்த பழமும் விலையில்லா உணவும்

ஆவணி மாதத்து இரவுகளில் மன்னாரின் அடம்பன் பக்கத்து வளவுகளில் படுத்திருப்பவர்களுக்கு, சோளகக் காற்றின் இரைச்சலுக்கு நடுவே பனம்பழம் தொப்பென்று விழும் ஓசை பழகிப்போன ஓசையாகும். மாடு முந்திக்கொள்வதற்கு முன்னே, பலபலவென்று விடிகிற வேளையில், கடகத்தைத் தூக்கிக்கொண்டு பனையடிக்கு ஓடுவது சிறுபிராயத்தில் எங்களுக்கு ஒரு போட்டியாகவே இருந்தது. மேல்நாட்டார் இலையுதிர்காலம் என்று வகுத்திருக்கும் பருவம் நமக்கு இல்லை. ஆயினும் அவர்கள் வேலியோரத்துப் பழங்களைப் பொறுக்கிச் சீனிப்பாகில் காய்ச்சிப் போத்தல்களில் அடைக்கின்ற அதே காலத்தை ஒட்டித்தான் நம்முடைய பாட்டிமாரும் பனம்பழத்தைப் பொறுக்கிப் பனாட்டாக்கி மாரிக்கு வைத்தார்கள். போர்க்கால இடப்பெயர்வுகளினால் ஒரு தலைமுறை இந்த வேலையிலிருந்து விலக நேர்ந்தபின், வேலை மறந்து பேச்சு மட்டும் மிஞ்சியிருக்கிறது. அந்தப் பேச்சில் கலந்துவிட்ட பிழையான நம்பிக்கைகள் சிலவற்றை இங்கே ஆராய விரும்புகிறேன்.

முதலாவது, இது செலவில்லாத உணவு என்னும் நம்பிக்கை. காசு செலவில்லை என்பது மெய். செலவே இல்லை என்பது பொய். பனாட்டுப் போடுகின்ற வீட்டைக் கண்ணால் கண்டவர்கள் இப்படிச் சொல்லமாட்டார்கள். பழத்தைக் கழுவி, மூக்கைக் கழற்றி, கறுத்த தோலை நார்நாராக உரித்து, சிறிதளவு தண்ணீர் தெளித்துப் பிசையத் தொடங்கினால், தும்பு களியை விட்டுக்கொடுப்பதற்குள் முழங்கை வரையில் மஞ்சளாகிவிடும். பிழிந்த களியை வடித்து, வெயிலில் விரித்த பனையோலைப் பாயில் மெல்லிதாக ஊற்றித் தடவி, அது காய்ந்தபின் மறுநாள் அதன்மேல் இன்னொரு பூச்சு, அதற்கடுத்த நாள் இன்னொன்று என்று, பாயின்மேல் தோல்போல ஒரு தகடு திரளும் வரையில் நாட்கணக்கில் அந்த வேலை நீளும். பகல் முழுவதும் காகத்துக்கும் கோழிக்கும் காவல் இருக்க வேண்டும். பொழுது சாய்ந்ததும் பனி படாமல் பாயோடு உள்ளே எடுக்க வேண்டும். “அண்டைக்கு ஊத்தினது அண்டைக்கே காய்ஞ்சிடோணும், ராசா, ஈரத்துக்கு மேலை ஊத்தினால் புளிச்சுப் போகும்” என்று எங்கள் அயலில் இருந்த ஆச்சி ஒருவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. இந்த உழைப்பையும் இந்த அறிவையும் கணக்கில் எழுதாதவர்களே அதனை இனாம் உணவு என்கிறார்கள். அவ்வாறு சொல்வது பெரும்பாலும் பெண்களே செய்த ஒரு தொழிலை இல்லையென்று சொல்வதாகவே எனக்குப் படுகிறது.

இரண்டாவது, வெயிலில் காய்ந்த பண்டம் தானாகவே கெடாது என்பது. பனாட்டைக் காப்பது, அதிலிருந்து நீர் பெரும்பாலும் வெளியேறிவிடுவதும், எஞ்சிய சிறிது நீரையும் கிருமிகள் பயன்படுத்த முடியாதபடி செறிந்த சர்க்கரை பிடித்துவைத்திருப்பதும் ஆகும். இதற்கு வெயிலோடு வறண்ட காற்றும் வேண்டும். மன்னார்க் கரைக்கு மழையின் பெரும்பங்கு ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையிலேயே வருகிறது. கட்டுக்கரைக் குளம் நிரம்புவதும், அடம்பன் வயல்கள் பச்சை பிடிப்பதும் அந்த மழையினால்தான். பழம் விழுகின்ற ஆடி, ஆவணியிலோ காற்று வறண்டு வீசுகிறது. பழத்தின் பருவமும் உலர்த்தும் பருவமும் இவ்வாறு ஒன்றாய் அமைந்தது இந்த மண்ணின் பாக்கியம். வாடை தொடங்கியதும் அதே பனாட்டு ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஆகையினாலேயே முன்னோர் அதை ஓலைப் பெட்டியில் இட்டு, அடுப்புப் புகை படும்படி பரணில் வைத்தார்கள். துண்டுகளைப் பனம்பாணியில் ஊறவிட்டுப் பாணிப் பனாட்டாக்குவது மற்றொரு பாதுகாப்பு. பூஞ்சணம் பிடித்த பனாட்டைத் துடைத்துவிட்டுத் தின்னலாம் என்று சிலர் சொல்வது தவறு. மேலே தெரிவது பூஞ்சணத்தின் ஒரு பகுதியே. அதன் இழைகளும், சில வகைகளில் அதன் நஞ்சும் உள்ளே இறங்கியிருக்கும். அத்தகைய துண்டை எறிந்துவிடுவதே சிக்கனம்.

பனம்பழம் கசக்கிறதே, ஆகவே அது பித்தம், தின்னத் தகாதது என்பாரும் உளர். கசப்புக்குக் காரணம் பனங்களியில் இயல்பாக அமைந்துள்ள, சோப்புப்போல நுரைக்கும் சப்போனின் வகைச் சேர்மங்கள். ஸ்ரீ ஜெயவர்தனபுரப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் இவற்றைப் பிரித்து ஆராய்ந்திருக்கிறார்கள். பனையின் தாவரப் பெயரை ஒட்டி இவற்றுக்குப் பிளபெல்லிபெரின்கள் என்று பெயர். எல்லாப் பனையும் ஒரே அளவு கசப்பதில்லை என்பதை நாவினால் அறிந்திருந்த நம்மவர், இன்ன வளவில் இன்ன பனையின் பழம் இனிப்பு, இன்னது காறல் என்று மரத்துக்கு மரம் கணக்கு வைத்திருந்தார்கள். பணியாரத்துக்குக் களியைப் பச்சை மணம் போகக் காய்ச்சிய பின்னரே மாவோடு குழைப்பார்கள்.

இவற்றையெல்லாம்விட அபாயமானது, இயற்கையானது எதுவும் தீங்கு செய்யாது என்ற நம்பிக்கை. பழம் பிழிந்த விதையைப் பாத்தியில் அடுக்கி வைத்து, மூன்று நான்கு மாதங்களில் கிழங்கு கிண்டி, அதைப் பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல்; அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். இரண்டும் ஒன்றே என்று இக்காலத்து இளையோர் பலர் நினைக்கிறார்கள். 1971ஆம் ஆண்டில் பேராதனைப் பல்கலைக்கழகத்து மருத்துவ ஆய்வாளர்கள், பனங்கிழங்கு மாவை உண்ட எலிகளின் ஈரலில் ஊறு விளைவதைக் கண்டு வெளியிட்டார்கள். பச்சை ஒடியல் மாவில் நரம்பைத் தாக்கும் பொருள் ஒன்று உண்டு என்பதும், அது வெப்பத்தால் வலுவிழக்கிறது என்பதும் பின்வந்த ஆய்வுகளில் வெளிப்பட்டன. எலிக்கு நேர்ந்தது அவ்வாறே மனிதருக்கும் நேரும் என்று இதனால் முடிவுகட்ட இயலாது. ஆனால் ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, தெளிந்த நீரை வடித்து ஊற்றி, மறுபடியும் ஊறவிட்டு, அதன்பிறகே பிட்டாக அவிப்பதும் கூழாகக் கொதிக்கவைப்பதும் கசப்பைப் போக்குவதற்கான வெறும் சடங்கு என்று எண்ணி, நேரம் மிச்சம் பிடிப்பதற்காக அதைக் கைவிடுகிறவர்கள், பண்டத்தை எடுத்துக்கொண்டு அதன் காவலை விட்டுவிடுகிறார்கள். மாவைச் சமைக்காமல் பாலில் கலந்து குடிக்கும் புதுப்பழக்கத்தை யாரும் மேற்கொள்ள வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

நீரிழிவுக்காரர் பனங்கட்டியையும் பனாட்டையும் தாராளமாகத் தின்னலாம் என்பதும் ஆதாரமற்றது. பனங்கட்டியின் பெரும்பகுதி, கரும்புச் சீனியில் உள்ள அதே சர்க்கரையே. பனாட்டோ பழத்தின் இனிப்பை நீர் நீக்கிச் செறிவாக்கிய பண்டம். உப்புகள் கொஞ்சம் கூடுதலாக இருப்பது உண்மை. அதனால் சர்க்கரை சர்க்கரையாக இல்லாமற் போய்விடாது.

இனிக் காட்டுப் பழங்களுக்கு வருவோம். மடு மாதாவின் யூலை 2ஆம் திகதித் திருவிழாவை அண்டிய நாட்களில் பாலை மரங்களில் சிறிய மஞ்சள் பழங்கள் குலுங்கும். தின்றவுடன் உதட்டில் பால் பிசினாக ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் தடவினாலன்றி விடாது. முரலி, வீரை, நாவல், விளா என்று பருவத்துக்குப் பருவம் வேறு பழங்களும் உண்டு. காடு எல்லோருக்கும் பொது, எவ்வளவு எடுத்தாலும் குறையாது என்ற எண்ணத்தோடு சிலர் பழத்துக்காகக் கிளையையே தறித்து வீழ்த்துவதைக் கண்டு மனம் நொந்திருக்கிறேன். பாலை மிக மெதுவாக வளரும் வைரமரம். இன்று தறித்த கிளையின் இடத்தை நம் பிள்ளைகள் காலத்திலும் நிரப்பாது. வில்பத்துக் காட்டிலே கரடிகள் அந்தப் பருவத்தில் பாலைப் பழத்தை நாடியே மரமேறுகின்றன. மடு வீதிக் காடு 2015ஆம் ஆண்டில் தேசிய பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டுவிட்டது. அனுமதியின்றி அதனுள் நுழைவதே குற்றம். ஆள் நடமாட்டமில்லாத இடத்தில்தான் பழம் அதிகம் என்று துணிந்து போவதும் வேண்டாம். 2008ஆம் ஆண்டில் போர்முனை அடம்பன் ஊடாகவே வடக்கே நகர்ந்தது. நிலத்தில் விதைத்த வெடி பழுத்து உதிர்வதில்லை, மனிதர் கால் படும்வரை கிடக்கும். சிவப்புப் பலகை கண்ட இடத்தில் திரும்பிவிடுங்கள். இனந்தெரியாத பொருளைத் தொடாதீர்கள். வளவும் வயல்வரம்பும் குளக்கட்டும் தருகின்ற பழம் ஒரு குடும்பத்துக்குப் போதும்.

கடைசியாக, ஆண்பனை பயனற்றது என்ற நம்பிக்கையைப் பற்றி ஒரு சொல். பனையில் ஆணும் பெண்ணும் வெவ்வேறு மரங்கள். காய்ப்பது பெண் மட்டுமே. ஆயினும் ஆண்பனையின் மகரந்தம் இல்லாமல் பெண்பனையின் காய்க்குள் விதை திரளாது. கருப்பநீரோ இரண்டிலும் சுரக்கும். காய்க்கவில்லை என்று சொல்லி மரத்தைத் தறிக்க நினைப்பவர்கள், பனை தறிப்பதற்குச் சட்டப்படி அனுமதி பெறவேண்டும் என்பதையும் நினைவிற் கொள்க. காப்பரணுக்காகவும் கூரைக்காகவும் எண்ணற்ற பனைகளை இழந்த பிரதேசம் இது. நட்ட விதை காய்க்கப் பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் செல்லும். ஆணா பெண்ணா என்பதும் பூக்கும் வரையில் தெரியாது.

ஆகவே வாசகர்களே, இந்த ஆவணியில் பனாட்டுக்குப் பிழிந்த விதைகளைக் குப்பையில் கொட்டாதீர்கள். பெரும்பகுதியைப் பாத்தியில் வைத்துத் தை மாதத்தில் கிழங்கு கிண்டுங்கள். பத்து விதையையாவது வேலியோரத்தில் ஊன்றி, கிண்டாமல் விட்டுவிடுங்கள்.