ஆசிரியரின் நுழைவுச்சீட்டு

கோவில்பட்டியிலிருந்து தெற்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவில், திருநெல்வேலிக் கொக்கிரகுளத்தில், 1987ஆம் ஆண்டு முதல் மாவட்ட அறிவியல் மையம் இயங்கி வருகிறது. தேசிய அறிவியல் அருங்காட்சியகக் குழுமத்தைச் சேர்ந்த அம்மையத்தில் காட்சிக்கூடங்களும் கோளரங்கமும் திறந்தவெளி அறிவியல் பூங்காவும் உள்ளன. பள்ளியிலிருந்து குழுவாக வரும் மாணவர்க்கு நுழைவுக் கட்டணத்தில் சலுகை உண்டு.

மானாவாரி வேளாண்மையை நம்பி வாழும் கரிசல் சிற்றூர்ப் பெற்றோர்க்கு அக்கட்டணத்தைவிடப் பேருந்துச் செலவே பெருஞ்சுமை. பலருக்குப் பள்ளிப்பருவத்தில் ஒருமுறையே அப்பயணம் வாய்க்கிறது. அந்த ஒரு நாளும் பொத்தான்களை அழுத்திவிட்டு அடுத்த கருவிக்கு ஓடுவதிலேயே கழிந்துவிடக்கூடும். அவ்வாறு கழியாமல் காக்க வல்லவர், அவ்விடத்தை முன்னரே தனியே சென்று கண்டுவந்த ஆசிரியர்.

கப்பியையே எடுத்துக்கொள்வோம். நிலையான ஒற்றைக் கப்பி, இழுக்கும் திசையை மாற்றுமேயன்றி விசையைக் குறைப்பதில்லை. அதனுடன் அசையும் கப்பி ஒன்று சேர்ந்தால் தேவைப்படும் விசை ஏறத்தாழப் பாதியாகும். கமலை இறைத்த கதையைப் பாட்டனார் சொல்லக் கேட்ட மாணவி, "கிணற்றின் மேலிருந்தது நிலையான உருளைதானே ஐயா, மாட்டுக்கு அதனால் என்ன உதவி?" என்று வினவலாம். நல்ல வினா! சரிவான தடத்தில் மாடு இறங்கும்போது அதன் எடையும் இழுவைக்குத் துணையாகிறது. அதற்காகவே கயிற்றின் திசை மாற்றப்படுகிறது. முன்னரே பார்த்து வந்த ஆசிரியர் இவ்வினாவுக்கென்றே கால் மணி நேரம் ஒதுக்கியிருப்பார். உராய்வு பற்றிய காட்சிப்பொருளின் முன் நிற்கையில் ஊர்த் தொழிலான தீப்பெட்டியையும் நினைவூட்டுவார். குச்சியின் முனையில் பொட்டாசியம் குளோரேட்டு, பெட்டியின் பக்கத்தில் சிவப்புப் பாஸ்பரஸ். இரண்டும் உரசும் வெப்பத்தில் தீ பிறக்கிறது.

பிரான்சு நாட்டில் பள்ளி ஆசிரியர்கள் உரிய அட்டையைக் காட்டித் தேசிய அருங்காட்சியகங்களின் நிரந்தரக் காட்சிகளைக் கட்டணமின்றிக் காணலாம். ஒருவருக்கு அளிக்கும் அச்சலுகை, பின்னர் அவர் அழைத்துவரும் வகுப்பு முழுவதையும் சென்று சேர்கிறது. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் 1969இல் எக்ஸ்ப்ளோரடோரியம் என்னும் புகழ்பெற்ற அறிவியல் கூடத்தைத் தொடங்கிய பிராங்க் ஓப்பன்ஹைமரும் சிற்றூர்ப் பள்ளியொன்றில் ஆசிரியராகப் பணியாற்றியவரே. பழைய ஊர்திகளின் உதிரிபாகங்களைக் கொண்டு அவர் இயற்பியல் கற்பித்தார்.

பயணமே இயலாத ஊர்களுக்கென அறிவியல் மையங்கள் நடமாடும் கண்காட்சிப் பேருந்துகளை இயக்குகின்றன. பேருந்து பள்ளித் திடலில் வந்து நிற்கும் நாளிலும், முதலில் அதனுள் ஏறிப் பார்க்க வேண்டியவர் ஆசிரியரே.