எக்கல்லூரியைத் தேர்வது?

பள்ளிப் படிப்பை முடித்து வெளிவரும் வடசென்னை மாணவர்க்கு, 'எக்கல்லூரியிற் சேர்வது?' என்னும் வினா ஆண்டுதோறும் எழுகின்றது. பலரும் கல்லூரியின் புகழையே முதற்கண் நோக்குவர். அதனினும் முன்னர் ஆராயத்தக்கன மூன்று உள. அவை பாடம், பொருள், வழி என்பன.

முதலாவது பாடம். அரசு கலைக் கல்லூரிகளில் தமிழிலக்கியம் பயில விழைவார்க்குத் தமிழ் மதிப்பெண்ணே தரவரிசைக்கு அடிப்படையாகும்; ஆங்கில இலக்கியத்திற்கு ஆங்கில மதிப்பெண். ஏனைய பாடங்கட்கு நான்கு முதன்மைப் பாடங்களின் 400 மதிப்பெண் கருதப்படும். ஆதலின், மொத்த மதிப்பெண் குறைந்தது கண்டு தமிழார்வமுடையோர் மனந்தளர வேண்டுவதில்லை.

இரண்டாவது பொருள். அரசு உதவி பெறும் கல்லூரிகள் பலவற்றில் சுயநிதிப் பிரிவும் உண்டு. முன்னதில் ஆசிரியர் ஊதியத்தை அரசு தருதலின் கட்டணம் குறைவு. பின்னதில் அச்செலவு மாணவர் கட்டணத்தின் மேல் விழும். பட்டம் ஒன்றேயாயினும் செலவு வேறு. விண்ணப்பிக்கும்போதே இதனை வினவியறிதல் நலம். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை பயின்ற பெண்கட்கு 2022 முதலும், ஆண்கட்கு 2024 முதலும் திங்கள்தோறும் ரூ.1000 வழங்கும் அரசுத் திட்டங்கள் உள்ளமையும் அறியத்தக்கது.

மூன்றாவது வழி. ஜார்ஜ் டவுனில் இருந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-இல் தாம்பரத்திற்கும், பச்சையப்பன் கல்லூரி 1940-இல் சேத்துப்பட்டிற்கும் பெயர்ந்தன. வண்ணாரப்பேட்டையார்க்கு அண்மையில் இருந்த இரு கல்விக்கூடங்களும் இங்ஙனம் தொலைவாயின. பின்னர் 1950-இல் பழைய வண்ணாரப்பேட்டையிலேயே சர் தியாகராயா கல்லூரியும், 1964-இல் பிராட்வேயில் பெண்கட்கெனப் பாரதி கல்லூரியும் தோன்றின. வியாசர்பாடியில் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரியும் உளது. துறைமுகத்திலும் ஆலைகளிலும் உழைப்போர் இல்லத்துப் பிள்ளைகட்கு இவை செய்த உதவி பெரிது. தாம்பரம் செல்வோர் கடற்கரை நிலையத்தில் வண்டி மாறி, அங்கிருந்து மேலும் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் செல்லல் வேண்டும். மாலையில் வேலை செய்து குடும்பத்தைத் தாங்கும் மாணவனுக்கு அந்நேரமே ஊதியம். தொலைவிற்கு அஞ்சி மகளை வீட்டிலிருத்த நினைக்கும் பெற்றோரும் உளர். அவர் மனத்தை மாற்றுவது பெரும்பாலும் அண்மைக் கல்லூரியே.

எனினும், அண்மை ஒன்றே கருதி மனம் பொருந்தாப் பாடத்தை மூன்றாண்டு சுமத்தலும் தகாது. விரும்பிய பாடம் தொலைவிலேயே கிடைக்குமாயின், விடுதிச் செலவையும் கணக்கிட்டுத் துணிந்து செல்க.

ஓரிடத்திற்கு மட்டும் விண்ணப்பித்துக் காத்திருத்தல் வேண்டா. அரசு கல்லூரிகட்கு இணையவழிப் பொது விண்ணப்பம் உண்டு. உதவி பெறும் கல்லூரிகட்குத் தனித்தனியே விண்ணப்பித்தல் வேண்டும். சாதிச் சான்றிதழ் பெறச் சின்னாட்கள் செல்லுமாதலின், தேர்வு முடிவு வெளிவருமுன்னரே அதனைப் பெற்று வைத்தல் வேண்டும். நண்பர்காள்! இம்மூன்றையும் ஒரு தாளில் எழுதி, பெற்றோருடன் அமர்ந்து ஆராய்ந்து, அதன் பின்னரே விண்ணப்பத்திற் கையெழுத்திடுவோமாக.