அரைகுறையாய்ச் சேரும் மின்னஞ்சல்

அருப்புக்கோட்டை நெசவாளர் சங்கமாயினும், திருச்சுழி மானாவாரி விவசாயிகளின் சங்கமாயினும், கணினியிலிருந்து அனுப்பும் கணக்குப் பட்டியல் குறைபட்டுச் சேர்ந்தால், அங்கத்தினருக்கு வரவேண்டிய பணம் தாமதப்படும். அவ்வேளையில் இணையத் தொடர்பையே நாம் பழிக்கிறோம். அது பெரும்பாலும் பொருந்தாது.

1982இல் வகுக்கப்பட்ட மின்னஞ்சல் விதிப்படி, ஒற்றைப் புள்ளி மட்டும் உள்ள வரியே கடிதத்தின் முடிவு. அவ்வரி சேருமுன் தொடர்பு அறுந்தால், பெறும் கணினி அக்கடிதத்தை ஏற்பதில்லை; அது நம் ‘அவுட்பாக்ஸ்’ பகுதியிலேயே தங்கும்.

ஆகவே, ‘சென்ட்’ பகுதியிலுள்ள படியை முதலில் திறந்து பார்த்தல் வேண்டும். அதிலேயே பட்டியல் இல்லையெனில் குறை நம் மேசையில்தான். கோப்பை இணைத்து மீண்டும் அனுப்புக. படி முழுமையாயிருந்தும், பெற்றவருக்கு ‘வின்மெயில்.டாட்’ என்னும் கோப்பு மட்டுமே கிடைத்ததெனில், அவுட்லுக் மென்பொருளில் ‘ரிச் டெக்ஸ்ட்’ முறையை விடுத்து ‘ஹெச்.டி.எம்.எல்.’ முறையைத் தேர்ந்தெடுக்க. நீண்ட கடிதத்தின் இறுதி மட்டும் காணப்படவில்லையெனில், ஜிமெயில் சுமார் 102 கிலோபைட்டுக்கு மேற்பட்ட பகுதியை மறைத்துக் காட்டும் என்பதை நினைவிற்கொண்டு, பட்டியலைத் தனிக் கோப்பாக இணைக்க.

பக்க எண்ணிக்கையையும் மொத்தத் தொகையையும் கடிதத்தின் தலைப்பிலேயே எழுதிவிடுதல் நலம். குறை இருப்பின், பெறுபவரே அன்றே கண்டு தெரிவிப்பார்.